மானிப்பாய்ச் சீதன உறுதி ஒன்றை வைத்துப் பூட்டன் பூட்டியைத் தேடுவது எப்படி?

மொன்றியலில் இருக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் அம்மம்மாவின் ஊர் மானிப்பாய். 1995 இடப்பெயர்வில் வீட்டில் இருந்த பெட்டி அப்படியே போய்விட்டது. மிஞ்சியது அம்மம்மாவின் சீதன உறுதியின் மங்கிய பிரதி ஒன்றும், அவரின் தகப்பனார் பெயரும்தான். அதற்கு அங்கால் ஒன்றும் தெரியாது. ஒல்லாந்தர் எழுதிய தோம்பில் எல்லாக் குடும்பங்களும் இருக்கின்றன, அதைப் பார்த்தால் போதும் என்று ஒருவர் சொன்னார். அதை எங்கே பார்க்கலாம்?"

தங்கச்சி, ஒல்லாந்தர் வரிக்காகக் குடும்பங்களையும் காணிகளையும் பதிந்த தோம்பு கடைசியில் திறக்க வேண்டிய ஏடு. முதலில் திறக்க வேண்டியது உங்கள் கையிலேயே இருக்கிறது: அம்மம்மாவுக்குச் சீதனமாகக் காணி எழுதிக் கொடுத்த பத்திரமான அந்த உறுதிதான். நான் காணிப் பத்திரம் எழுதிச் சான்றுபடுத்தும் நொத்தாரிசு ஒருவரின் கந்தோரில் லிகிதராக இருந்து, உறுதி எழுதியும் பழைய உறுதிகளைத் தேடி எடுத்தும் வந்தவன். எங்கள் ஊர்க் குடும்பம் ஒன்றின் வழியை ஆட்களின் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடினால் மூன்றாம் தலைமுறையிலேயே தடம் தவறிவிடும். காணியின் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடினால் நூறு, நூற்றைம்பது வருடம் பின்னுக்குப் போகலாம்.

ஆட்பெயர் ஏன் கைகொடுக்காது என்றால், எங்களுக்குப் பரம்பரையாக வரும் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் முன்னுக்கு நிற்கும். அடுத்த தலைமுறையில் அது கழன்று வேறொன்று வரும். அதோடு அப்பப்பாவின் பெயரைப் பேரப்பிள்ளைக்கு வைக்கும் வழக்கம் வேறு. வேலுப்பிள்ளை கந்தையாவின் மகன் கந்தையா வேலுப்பிள்ளை, அவரின் மகன் திரும்பவும் வேலுப்பிள்ளை கந்தையா. ஒரே குறிச்சியில், ஒரே காலத்தில், உறவே இல்லாத இன்னொரு வேலுப்பிள்ளை கந்தையாவும் இருப்பார். ஆங்கிலப் பதிவுகளில் சின்னத்தம்பி ஒரு இடத்தில் 'எஸ்' எழுத்தில் தொடங்குவார், இன்னொரு இடத்தில் 'சி' எழுத்தில் தொடங்குவார். ஊரெல்லாம் ராசாத்தி அக்கா என்று அறிந்தவரின் பதிவுப் பெயர் நாகரத்தினமாக இருக்கும். ஆனால் அவர் இருந்த வளவின் பெயர் மாறாது. புளியடிவளவு என்று 1870இல் எழுதிய காணி இன்றைக்கும் புளியடிவளவுதான், புளியமரம் தறித்து இரண்டு தலைமுறை ஆனாலும்.

இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. எங்கள் காணி பெண்களின் வழியாக நடக்கிறது. மகளுக்குக் கலியாணம் பேசும்போது வீடும் வளவும் சீதனமாக எழுதப்படும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியேறுவார். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை அதைத்தான் சொல்கிறது. ஒல்லாந்தத் தேசாதிபதி சிமோன்ஸ் கேட்டபடி கிளாஸ் ஈசாக்ஸ் என்ற அதிகாரி 1707இல் அதை எழுதி முடித்தார். யாழ்ப்பாணத்து முதலியார்கள் 12 பேர் வாசித்துச் சரி பார்த்தார்கள். ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். பழைய முறைப்படி தகப்பன் வழி வந்த முதுசம் ஆண்பிள்ளைகளுக்கு, தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்கு, கலியாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்த்தது தேடியதேட்டம். சீதனம் வாங்கிப் போன மகளுக்குப் பெற்றோரின் மிச்ச ஆதனத்தில் பங்கில்லை. ஆகவே உங்கள் அம்மம்மா இருந்த வளவு அவரின் தாயிடமிருந்தும், அந்தத் தாய்க்கு அவரின் தாயிடமிருந்தும் வந்திருக்க நல்ல இடமுண்டு. ஆண் வழியை மட்டும் வரைந்துகொண்டு போகிற வமிசாவளிகளில் விடுபட்டுப் போகும் பெண்கள் எல்லாரும் உறுதிகளில் பெயரோடு இருக்கிறார்கள்.

இப்போது உறுதியை வாசிப்போம். பெயர்களை நானே இட்டு ஒரு மாதிரி எழுதுகிறேன். உங்கள் பிரதியின் கடைசியில் அட்டவணை என்ற பகுதி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"வலிகாமம் மேற்கு மானிப்பாய்க் கோயிற்பற்று மானிப்பாய் இறையில் புளியடிவளவு என்னும் பெயருடைய காணி பரப்பு 6. இதில் கிழக்குப் புறத்துப் பரப்பு 3. இதற்கெல்லை: கிழக்கு ஒழுங்கை, வடக்கு சின்னத்தம்பி பெண்சாதி பொன்னாச்சி, மேற்கு கதிர்காமர் விசுவநாதர், தெற்கு கோயிற்காணி. இதற்குள் அடங்கிய நிலம், வீடு, பனை, வடலி, கிணற்றில் பங்கு, வழிவாய்க்கால் உரித்து முழுவதும்."

இதில் கோயிற்பற்றும் இறையும் பழைய நிருவாகப் பிரிவுகள், பரப்பு எங்கள் ஊர் நில அளவு. சீதனம் கொடுப்பவர் கதிர்காமர் ஆறுமுகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்கு எல்லையில் நிற்பவரும் கதிர்காமரின் மகன். காணி முழுவதும் 6 பரப்பு, அதில் சரிபாதி இவரிடம், மறுபாதி விசுவநாதரிடம். இருவரும் கூடப்பிறந்தவர்கள், கதிர்காமரின் 6 பரப்பு இரண்டு ஆண்மக்களுக்கும் பிரிந்தது என்று எடுக்கலாம். வடக்கில் இருக்கும் பொன்னாச்சியின் காணியும் புளியடிவளவு என்ற பெயரிலேயே இருந்தால், அவர் இவர்களின் சகோதரியாக இருந்து, சீதனமாகப் பெற்ற துண்டாகவும் இருக்கலாம். இது ஊகம்தான். ஆனால் விசுவநாதரின் உறுதியையும் பொன்னாச்சியின் உறுதியையும் எடுத்துப் பார்த்தால் ஊகம் உண்மையா என்று தெரிந்துவிடும். உங்கள் குடும்பத்தின் உறுதியோடு நின்றுவிடாமல் எல்லைக்காரரின் உறுதிகளையும் தேடுவதுதான் இந்த வேலையின் நெளிவுசுளிவு. எங்கள் ஊரில் எல்லைக்காரர் பெரும்பாலும் இனசனமே. பொதுக் கிணற்றில் பங்கு எழுதியிருந்தால் அந்தக் கிணற்றில் யார் யாருக்குப் பங்கு என்று பாருங்கள். அநேகமாக எல்லாரும் ஒரு பாட்டனின் பிள்ளைகளாகவே இருப்பார்கள்.

அட்டவணைக்கு மேலோ கீழோ, இந்த ஆதனம் கொடுப்பவருக்கு எப்படி வந்தது என்று ஒரு வரி இருக்கும். "எனக்கு முதுச உரிமையாலும் ஆட்சியாலும்" என்று இருக்கலாம். "எனது மனைவிக்கு இத்தனையாம் ஆண்டு இன்ன நொத்தாரிசு முன்னிலையில் நிறைவேறிய இத்தனையாம் இலக்கச் சீதன உறுதிப்படி" என்று இருக்கலாம். எந்த வழியில் மேலே போவது என்று இந்த வரிதான் சொல்லும். முதுசம் என்றால் தகப்பன் வழி. மனைவியின் சீதனம் என்றால் பூட்டி வழி. இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் இருந்தால் அடுத்த உறுதியின் விலாசம் கிடைத்த மாதிரி. பிரதி மங்கியிருந்தால் இந்த வரியை மட்டுமாவது வெளிச்சத்தில் பிடித்து, கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கி, எழுத்தெழுத்தாக வாசித்து எழுதுங்கள்.

உறுதி தொலைந்துவிட்டது என்று அழுபவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் விசயம் ஒன்று. இலங்கையில் காணிக் கொடுக்கல் வாங்கல் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம். எழுதும்போது ஒன்றல்ல, மூன்று எழுதப்படும். மூலம் ஆதனக்காரருக்கு, ஒரு படி நொத்தாரிசின் உறுதிக் கட்டுக்குள் இருக்கும், இன்னொரு படியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்கு முன் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். குடும்பம் உறுதியைப் பதியாமல் விட்டிருந்தாலும் அந்தப் படி போயிருக்கும். உங்கள் பெட்டியில் இருந்தது மூன்றில் ஒன்றுதான்.

யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்துக்கு உங்கள் சார்பில் ஒருவர் போனால் கேட்க வேண்டியது ஏட்டுப் பக்கத்தின் பிரதி. பதிந்த காணி ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் உண்டு. யார் கொடுத்தது, யார் வாங்கியது, அது சீதனமா நன்கொடையா அறுதியா (முழு விற்பனை) ஈடா (அடகு), எந்தத் திகதி, எந்த நொத்தாரிசு என்று வரிவரியாக எழுதியிருக்கும். பக்கம் நிரம்பினால் வேறு ஏட்டுக்குக் கொண்டுபோவார்கள். புதிய பக்கத்தின் தலையில் எந்தப் பழைய பக்கத்திலிருந்து வந்தது என்று குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்பைப் பிடித்துப் பின்னுக்குப் பின்னுக்குப் போகலாம். இந்தப் பதிவு முறை 1860களில் தொடங்கியது. ஆகவே ஏடு முழுமையாக இருந்தால் உங்கள் அம்மம்மாவின் பாட்டி காலம்வரை அங்கேயே வந்துவிடும். போரில் சில ஏடுகள் சிதைந்தன, இழந்தவையும் உண்டு. ஒரு ஏடு இல்லை என்று சொன்னால் விட்டுவிடாமல் எல்லைக்காரரின் காணி எந்த ஏட்டில் என்று கேட்கச் சொல்லுங்கள்.

ஈட்டு உறுதியை அலட்சியம் செய்யாதீர்கள். மகளின் கலியாணச் செலவுக்கும் மகனை மலாயாவுக்கு அனுப்பவும் காணி ஈடு வைத்த குடும்பங்கள் ஏராளம். ஈடு எழுதிய ஆண்டையும் மீட்ட ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் குடும்பம் எப்போது நொந்தது, எப்போது நிமிர்ந்தது என்று தெரியும். கணவரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் மனைவி தன் காணியைக் கைமாற்ற முடியாது என்பது 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைச் சட்டம். அந்த விதி பெண்களுக்கு அநியாயமானது. அதன் காரணமாகவே பெண்கள் எழுதிய உறுதிகளில் கணவரின் பெயரும் சேர்ந்து பதிவாகி நிற்கிறது.

காணிப் பதிவகத்துக்கு ஆள் அனுப்புவதற்கு முன் நீங்கள் மொன்றியலில் இருந்துகொண்டே செய்யக்கூடியது ஒன்றுண்டு, அது கல்வெட்டுத் தேடுவது. வெளியில் பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் 31ஆம் நாள் கிரியையில் ஒரு சிறு புத்தகம் அச்சடித்துக் கொடுப்போம். அதைத்தான் கல்வெட்டு என்கிறோம். தேவாரம், புராணத்தோடு இறந்தவரின் வாழ்க்கை வரலாறும், பிள்ளைகள் மருமக்கள் புலம்பலும், பல கல்வெட்டுகளில் வமிசாவளியும் இருக்கும். முன்பக்கத்தில் திதி வெண்பா. அதில் இறந்த ஆண்டு, மாதம், பட்சம், திதி எல்லாம் பாட்டாக இருக்கும். ஆண்டு பெரும்பாலும் தமிழ் ஆண்டாக வரும், அது 60 வருடத்துக்கு ஒருமுறை சுற்றும். விக்கிரம ஆண்டு என்று இருந்தால் அது 1880ஆ, 1940ஆ, 2000ஆ என்று மற்றத் தகவலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பழைய சாதக ஓலைகளிலும் இதே கவனம் தேவை.

இந்தக் கல்வெட்டுகள் வீட்டு அலுமாரியில் கறையான் தின்று போகின்றன என்று கவலைப்பட்ட காலம் உண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம முறையில் சேர்த்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. நினைவு மலர்களும் அதில் இருக்கின்றன. மானிப்பாய் என்றும், சுற்றியுள்ள நவாலி, சுதுமலை, சண்டிலிப்பாய், ஆனைக்கோட்டை என்றும் ஊர்ப் பெயரை இட்டுத் தேடுங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது எங்களிடமிருந்து போனது எவ்வளவு என்று நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு பதறும். அதற்குப் பிறகு இந்தப் பிள்ளைகள் ஒவ்வொரு தாளாக ஒளிவருடிச் சேர்த்திருப்பதை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

மரண அறிவித்தலும் அதேபோன்ற புதையல். "மானிப்பாயைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார். அன்னார் காலஞ்சென்றவர்களான இன்னார் – இன்னார் தம்பதியரின் சிரேஷ்ட புத்திரியும், காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மனைவியும், இன்னார் (கனடா), இன்னார் (பிரான்ஸ்) ஆகியோரின் பாசமிகு தாயாரும், காலஞ்சென்ற இன்னாரின் சகோதரியும், இன்னாரின் மைத்துனியும்..." என்று போகும் அந்த நீண்ட வசனம் ஒரு குடும்ப மரத்தின் மூன்று கிளைகளை ஒரே மூச்சில் சொல்லிவிடும். அம்மம்மாவின் சகோதரங்கள் இறந்தபோது வந்த அறிவித்தல்களைத் தேடுங்கள். அவருடையதில் இல்லாத தாய் தகப்பன் பெயர் தம்பியின் அறிவித்தலில் இருக்கும். 1930இல் தொடங்கிய ஈழகேசரி, 1959இல் தொடங்கிய ஈழநாடு, அவற்றுக்கும் முந்திய உதயதாரகை, இந்து சாதனம் ஆகியவற்றின் பக்கங்களையும் தட்டிப் பார்க்கலாம்.

இதற்கிடையில் உயிரோடு இருக்கும் மூத்தவர்களிடம் பேசிவிடுங்கள், அதைத் தள்ளிப்போட வேண்டாம். "பூட்டன் பெயர் என்ன ஆச்சி?" என்று கேட்டால் தெரியாது என்பார்கள். "அந்த வளவு யாற்றை சீதனம்? பக்கத்து வளவிலை ஆர் இருந்தவை? எங்கடை திருவிழா எத்தினையாம் திருவிழா, அதை ஆரோடை சேர்ந்து செய்தவை?" என்று கேளுங்கள், மளமளவென்று வரும். ஊர்க்கோயிலில் இன்ன நாள் திருவிழா இன்ன குடும்பத்துக்கு என்று உபயம் இருக்கிறது. ஒரே உபயத்தில் பங்குள்ளவர்கள் பெரும்பாலும் ஒரு வேரில் வந்தவர்கள். உபயகாரர் பட்டியல் கோயில் தர்மகர்த்தாவிடம் இருக்கும், பழைய நோட்டீசுகளிலும் இருக்கும்.

பிறப்பு, இறப்புப் பதிவுக்கு வருவோம். இலங்கையில் பிறப்பும் இறப்பும் கட்டாயமாகப் பதியப்படுவது 1867ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தொடங்கியது. தொடக்க காலத்தில் பதியாமல் விட்டவர்கள் நிறைய. பிறப்புச் சாட்சிப்பத்திரத்தில் தாயின் விவாகத்துக்கு முந்திய பெயர் இருக்கும், அதுவே பெண்வழிக்கு ஒரு கதவு. குடியுரிமைச் சட்டம் வந்த பிறகு பாவனைக்கு வந்த படிவத்தில் இன்னொரு கூடும் (நிரப்ப வேண்டிய கட்டம்) உண்டு: பாட்டனார் இலங்கையில் பிறந்தவரானால் அவரின் முழுப் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம். 1950களுக்குப் பிறகு பிறந்த உங்கள் மாமாமார், சித்திமாரின் பிறப்புப் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். ஒரு பிள்ளையின் பத்திரத்தில் வெறுமையாக விட்ட கூடு இன்னொரு பிள்ளையினுடையதில் நிரப்பப்பட்டிருக்கும். அந்தக் கூட்டில் இருக்கும் ஆண்டு சொல்லக்கேட்டு எழுதியது, ஒன்றிரண்டு வருடம் முன்பின் இருக்கும். யாழ்ப்பாணத்தில் எடுக்க முடியாவிட்டால் கொழும்பில் பதிவாளர் நாயகத்தின் மத்திய பதிவறையில் இரண்டாம் படிக்கு விண்ணப்பிக்கலாம்.

கலியாணப் பதிவு இல்லையே என்று திகைக்க வேண்டாம். வழக்கப்படி தாலி கட்டிய சைவக் கலியாணம் பதியாமலே செல்லுபடியாகும். எழுத்து எழுதுவது, அதாவது கலியாணத்தைப் பதிவது, பலருக்குப் பிறகு வந்த பழக்கம். அந்த இடத்தைச் சீதன உறுதி நிரப்பும். உறுதியின் திகதியும் கலியாணத்தின் திகதியும் பெரும்பாலும் சில நாள் இடைவெளியில்தான் இருக்கும்.

காணியில் வழக்கு வந்த குடும்பமா? அப்படியானால் நீங்கள் பாக்கியசாலி. பங்குபிரிப்பு வழக்குப் போடுபவர் ஆதனம் யாரிலிருந்து யாருக்கு வந்தது என்று வமிசாவளி காட்டியே ஆகவேண்டும்; எதிராளிகள் அதை மறுத்துத் தங்கள் வமிசாவளியை வைப்பார்கள். இருபக்கமும் சத்தியக் கூற்றோடு எழுதிய நான்கைந்து தலைமுறை ஒரே கோவையில் கிடைக்கும். பங்காளிக்கும் உரித்தாளிக்கும் அறிவிக்காமல் பிறத்தியாருக்குக் காணி விற்றால் தேசவழமைப்படி வழக்குப் போடலாம். அந்த வழக்குகளிலும், மரணசாதன (உயில்) வழக்கிலும், கோயில் உரிமை வழக்கிலும் இதே செல்வம் உண்டு. மேல்முறையீட்டுக்குப் போனவை சட்ட அறிக்கைத் தொகுதிகளில் அச்சாகி இணையத்தில் இருக்கின்றன.

மானிப்பாய் என்பதால் மிசன் பதிவுகளை மறக்கக்கூடாது. அமெரிக்க மிசன் 1816இல் யாழ்ப்பாணம் வந்தது. வட்டுக்கோட்டைச் செமினரி 1823 முதல் 1855 வரை நடந்தது. உடுவில் பெண்கள் பாடசாலை 1824இல் தொடங்கியது. வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் வந்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். உங்கள் ஆட்கள் சைவர்களாக இருந்தாலும் யாராவது ஒருவர் அங்கே படித்திருக்க இடமுண்டு. மாணவர் பட்டியல்களும் மிசனரிமாரின் கடிதங்களும் அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹவுட்டன் நூலகத்தில் உள்ளன. ஒரு எச்சரிக்கை. படிப்புச் செலவைத் தாங்கிய அமெரிக்கரின் பெயரைப் பிள்ளைக்குச் சூட்டும் வழக்கம் அங்கே இருந்தது. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை போன்ற பெயர்கள் அந்தக் காலத்தவை. உங்கள் மரத்தில் திடீரென்று ஒரு வெள்ளைக்காரப் பெயர் வந்தால் வெள்ளைக்கார இரத்தம் என்று எண்ண வேண்டாம்.

மலாயாவுக்குப் போனவர்கள் இருந்தால் சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கும் பழைய பத்திரிகைகளில் மரணச் செய்தி, இடமாற்றம், ஓய்வு பெற்ற செய்தி எல்லாம் பெயரிட்டுத் தேடலாம். ரயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை செய்தவர்களின் பெயர்கள் அடிக்கடி வரும்.

இதுவரை நான் சொன்னதெல்லாம் காணி உள்ள குடும்பத்துக்கு. காணியே சொந்தமாக வைத்திருக்க விடப்படாத சனங்களும் இந்த மண்ணில்தான் இருந்தார்கள். அவர்களின் பிள்ளைகளும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அவர்களுக்கும் பதில் சொல்லாமல் போவது நியாயமில்லை. உறுதிகளில் அவர்களின் பெயர் கிடைப்பது அரிது. ஆங்கிலேயர் காலத்தில் அடிமைகளைப் பதிய வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். 1844இல்தான் இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. அந்தப் பதிவேடுகள் பிரித்தானிய தேசிய ஆவணக்காப்பகத்தில், T 71 என்ற தொகுதியில் உள்ளன. ஆன்செஸ்ட்ரி இணையத்தளத்தில் இலங்கைப் பகுதியையும் தேடலாம். அவற்றில் அடிமையாக வைத்திருக்கப்பட்டவரின் பெயரோடு வைத்திருந்தவரின் பெயரும் இருக்கிறது. அடுத்து தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவுகளையும், மிசன் பாடசாலைகளின் வரவு இடாப்புகளையும், 1867க்குப் பிந்திய இறப்புப் பதிவுகளையும் பாருங்கள். கத்தோலிக்கக் கரையோர ஊர்களில் கோயிற் பதிவேடு காணி உறுதியைவிட நம்பகமானது. தாய், தகப்பன், ஞானத்தாய், ஞானத்தகப்பன் நான்கு பெயரும் ஒரே வரியில் வரும்.

இனித் தோம்பு. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் காணிக் கணக்கு எழுதினார்கள். 1658இல் வந்த ஒல்லாந்தர் அதைத் திருத்தி விரித்து, குடும்பங்களுக்கும் காணிகளுக்கும் தோம்பு எழுதினார்கள். நோக்கம் வரியும் ஊழியமும்தான், ஆனால் எங்களுக்கு அது ஒரு காலக்கண்ணாடி. உங்கள் உறுதியில் இருக்கும் மானிப்பாய்க் கோயிற்பற்று என்ற பிரிவே அந்தக் காலத்தது. வலிகாமத்தை அப்போது 14 கோயிற்பற்றாகப் பிரித்திருந்தார்கள். ஒல்லாந்தர் கால ஆவணங்கள் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. எழுத்து பழைய ஒல்லாந்த மொழி, பழைய கைவண்ணம். எங்கள் பெயர்கள் அதில் அவர்கள் காதில் விழுந்தபடி எழுதப்பட்டிருக்கும். பலருக்கு ஞானஸ்நானப் பெயராகத் தொன் பிலிப்பு, தொன் பிரான்சிஸ்கு என்று முன்னால் ஒட்டியிருக்கும், வீட்டில் சைவராகவே இருந்திருந்தாலும். ஆட்பெயரை வைத்து இதற்குள் தேடுவது இருட்டில் ஊசி தேடுவது. காணியின் பெயரும் கோயிற்பற்றும், 1860கள்வரை ஆதாரத்தோடு கொண்டுபோன ஒரு வழியும் கையில் இருந்தால்தான் அதில் நிற்கும் கதிர்காமன் உங்கள் கதிர்காமரின் பாட்டனா என்று கேட்கவாவது முடியும். ஆகத்தான் கடைசிக்கு வையுங்கள் என்றேன்.

இன்னொன்று. யாழ்ப்பாண வரலாறு சொல்லும் பழைய நூல்களான கைலாயமாலை, யாழ்ப்பாண வைபவமாலை இரண்டிலும் எந்தப் பிரபு எந்த ஊரில் குடியேற்றப்பட்டார் என்று வருகிறது. வைபவமாலையை மயில்வாகனப் புலவர் எழுதியது 18ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்த அதிகாரி ஒருவர் கேட்டதற்காக. ஊர்ப் பெருமைக்காக அதில் வரும் பிரபுவைத் தங்கள் மரத்தின் உச்சியில் எழுதிவிட்டு, அங்கிருந்து கீழே இறங்கி வந்து பூட்டனோடு முடிச்சுப் போடும் வமிசாவளிகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன். நடுவில் இருக்கும் 300, 400 வருடத்துக்கு ஒரு தாள்கூட ஆதாரம் இருக்காது. நீங்கள் கீழிருந்து மேலே போங்கள். ஆதாரம் நிற்கும் இடத்தில் நின்றுவிடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் உறுதி இலக்கம், கல்வெட்டு, வாய்மொழி என்று எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதுங்கள். பெரியம்மா சொன்னது என்றால் பெரியம்மா சொன்னது என்றே எழுதுங்கள், அதில் வெட்கமில்லை.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். சீதன உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், காணியின் பெயர், கோயிற்பற்று, இறை, பரப்பு, நான்கு எல்லை ஆகியவற்றை ஒரு தாளில் தெளிவாக எழுதுங்கள். முதற் பக்கத்திலோ கடைசிப் பக்கத்திலோ காணிப் பதிவகத்தின் முத்திரையும் ஏட்டு இலக்கமும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் தேடுகிற நேரத்தில் முக்கால்வாசி மிச்சம். ஊரில் இருக்கும் உங்கள் மச்சானோ பெறாமகனோ அந்தத் தாளோடு போனால் போதும். பிரதி எடுக்க அற்றோணித் தத்துவம் (உங்கள் சார்பில் செயற்பட எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) தேவையில்லை, தேடுகைக் கட்டணம் கட்டினால் சரி. காணி விற்க வந்திருக்கிறார்களோ என்று பங்காளிகள் பயப்படாமல் இருக்க, போகுமுன் எல்லைக்காரர் வீட்டுக்குப் போய், குடும்ப வரலாறு எழுதத்தான் கேட்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள்; அந்த வீட்டு அலுமாரியிலும் ஒரு பழைய உறுதி இருக்கும்.